ஆண் மீனுக்குள் சினை

1853 தொடக்கத்தில் பால்டிமோர் - ஓஹையோ ரயில் பாதை அப்பலாச்சியன் மலைகளைத் தாண்டி, ஓஹையோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங் நகரைத் தொட்டது. மறு ஆண்டே அந்தப் பாதையில் ஒரு வினோதச் சரக்கு கிழக்கே போனது. நீராவி எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருளும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் பெட்டியின் தொட்டிக்குள், துளையிட்ட ஒரு வாளி. வாளிக்குள் ஸ்மால்மவுத் பாஸ் மீன்கள். கொண்டுபோனவர் வீலிங் நகரத்து ஜெனரல் ஷ்ரைவர். மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்தில் இறங்கி, பொட்டோமாக் ஆற்றை ஒட்டி ஓடும் கால்வாயின் குட்டையில் அவற்றை விட்டார். கால்வாயிலிருந்து ஆற்றுக்குப் போகும் வழியை மீன்களே பார்த்துக்கொண்டன.

ஆக, இன்று பொட்டோமாக்கின் அடையாளமாகப் பேசப்படும் மீன் அந்த ஆற்றில் பிறந்ததல்ல, ரயிலேறி வந்தது. வந்த இடம் அதற்குப் பிடித்துப்போயிற்று. பொட்டோமாக் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் வடகிளை, தென்கிளை என இரண்டாகப் புறப்பட்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஷெனண்டோவா ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, தலைநகர் வாஷிங்டனைத் தொட்டு, செசபீக் விரிகுடாவில் கலக்கிறது. 650 கிலோமீட்டர் நீளம். பாறையும் வேகநீருமாக இருக்கும் மேற்பகுதியில் இந்த மீன் பெருகியது. பச்சை கலந்த பழுப்பு உடல், விலாவில் மங்கலான பட்டைகள், தூண்டிலில் மாட்டியதும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளும் முரட்டுத்தனம். தூண்டில்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? படகு வாடகை, வழிகாட்டித் தொழில், ஆற்றங்கரை விடுதிகள் என ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் பல குடும்பங்களின் பிழைப்பு இந்த ஒரு மீனை நம்பி வளர்ந்தது.

இந்த மீனின் குடும்ப வாழ்க்கையில் ஒரு விசேஷம். வசந்தத்தில் நீர் 15, 16 டிகிரிக்குச் சூடேறும்போது ஆண் மீன் வாலால் சரளைக்கல்லை ஒதுக்கிக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் ஆண்தான். காவல் நாட்களில் சரியாக இரையெடுக்காது, உடம்பு மெலியும். ஆண்டிலேயே அது மிகவும் பலவீனமாக இருக்கும் காலம் அதுதான்.

பொட்டோமாக்கின் அழுக்குக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஷெனண்டோவாவின் துணையாறான சவுத் ரிவரில், வேன்ஸ்பரோவிலிருந்த டூபான்ட் செயற்கை இழை ஆலையிலிருந்து 1929 முதல் 1950 வரை பாதரசம் கசிந்தது. அது வெளிச்சத்துக்கு வந்தது 1970களில். அந்த நிறுவனம் ஏறத்தாழ 5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள 2016 ஆயிற்று. ஃபிரண்ட் ராயலில் 1940இல் தொடங்கிய ரேயான் ஆலையிலிருந்து பி.சி.பி. எனப்படும் குளோரின் கலந்த எண்ணெய்கள் ஆற்றில் சேர்ந்தன; ஆலை 1989இல் மூடப்பட்டது. கீழே வாஷிங்டனிலோ நகரத்துச் சாக்கடை ஆற்றில்தான். 1965இல் அதிபர் லிண்டன் ஜான்சன் இந்த ஆற்றை நாட்டுக்கே அவமானம் என்று சொல்லும் நிலைமை.

1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. கோடிக்கணக்கில் பணம் கொட்டிச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். நுரையும் நாற்றமும் அடங்கின. நீரடிப் புற்கள் திரும்ப முளைத்தன. மீன்பிடிப் போட்டிகள் நடந்தன. பிழைத்தெழுந்த ஆறு என்று பொட்டோமாக்கைப் பாடப்புத்தகத்து உதாரணமாகக் காட்டத் தொடங்கினார்கள். அந்தப் பெருமையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்தச் சட்டம் தேடியது மீனை நேரடியாகக் கொல்லும் நஞ்சுகளையும், நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும் அழுக்கையும்தான். மீனைக் கொல்லாமல், அதன் உடம்புக்குள் புகுந்து கட்டளைகளை மாற்றிப்போடும் பொருள்களைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை.

2002இல் மேற்கு வர்ஜீனியாவில் பொட்டோமாக்கின் தென்கிளையில் மீன்கள் சாகத் தொடங்கின. 2004இல் ஷெனண்டோவாவின் வடகிளை. 2005இல் அதன் தென்கிளை. அங்கே வளர்ந்த ஸ்மால்மவுத் பாஸிலும் ரெட்பிரஸ்ட் சன்ஃபிஷ் மீனிலும் ஏறத்தாழ 80 சதவீதம் அழிந்துபோனதாக மதிப்பிட்டார்கள். 2007இல் மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஜேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கும் பரவியது.

சாவின் விதமே புதிதாக இருந்தது. ஆலையில் ஏதாவது உடைந்து நஞ்சு கலந்தால் ஒரே நாளில் ஆறு முழுக்க வெள்ளை வயிறுகள் மிதக்கும். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே வசந்தம் தொடங்கிக் கோடை வரும்வரை, வாரக்கணக்கில், ஒன்றிரண்டாகச் செத்துக்கொண்டிருந்தன. ஒரே இனத்தில் ஒன்று செத்துக் கிடக்க, பக்கத்திலேயே இன்னொன்று நன்றாக நீந்திக்கொண்டிருக்கும். செத்தவற்றின் விலாவில் காசு அளவுக்குச் சிவந்த வட்டப் புண்கள். சிலவற்றில் செதிலும் தோலும் உரிந்து சதை தெரிந்தது. உயிரோடிருந்த சில, கரையோரம் மந்தமாக அசைந்தன. ஆள் நெருங்கினாலும் ஓடவில்லை.

வர்ஜீனியா அரசு 2005இல் ஒரு பணிக்குழு அமைத்தது. நீரைச் சோதித்தார்கள், ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. கொல்லும் அளவில் ஒரு நஞ்சும் அகப்படவில்லை. மீனைச் சோதித்தால் கிருமிகள் அகப்பட்டன. ஆனால் இடத்துக்கு இடம் வேறு வேறு. ஒன்றில் ஏரோமோனாஸ் பாக்டீரியா, இன்னொன்றில் ஃபிளேவோபாக்டீரியம், மற்றொன்றில் பாஸ் மீன்களைத் தாக்கும் வைரஸ், பலவற்றின் செவுளிலும் உள்ளுறுப்பிலும் ஒட்டுண்ணிகள். இவற்றில் பெரும்பாலானவை ஆற்றில் எப்போதும் இருப்பவை. திடமான மீனை ஒன்றும் செய்யாதவை. கொலையாளி ஒருவன் என்று நினைத்துத் தேடிய குழுவுக்கு இது பெரிய ஏமாற்றம். உண்மையில் விடையே அந்த ஏமாற்றத்துக்குள்தான் இருந்தது.

அதை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் விக்கி பிளேசர். மேற்கு வர்ஜீனியாவின் லீடவுனில், அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் மீன் நோய் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அவருடைய குழு செத்த மீனைவிட உயிருள்ள மீனையே விரும்பியது. செத்து அழுகிய உறுப்பு எதையும் சொல்லாது. மீனைப் பிடித்து, மயக்கி, வால் பக்கத்து ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து, பிறகு வயிற்றைத் திறப்பார்கள். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், விந்துப்பை ஒவ்வொன்றிலும் சிறு துண்டு வெட்டி ஃபார்மலினில் போடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் அதை மெழுகில் பதித்து, தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

2003இல் பொட்டோமாக்கின் தென்கிளை மீன்களின் சீவல்களில், விந்தணுக்கள் நெருக்கமாக நிறைந்திருக்க வேண்டிய இடத்தில், நடுநடுவே உருண்டையாகப் பெரிய செல்கள் தெரிந்தன. முதிராத சினைமுட்டைகள். வெளியே பார்த்தால் அது முழு ஆண் மீன். வயிற்றைத் திறந்து வெறுங்கண்ணால் பார்த்தாலும் வெளிர் நிறத்து விந்துப்பைதான். சீவிப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் அது. ஷெனண்டோவாவிலும் பார்த்தார்கள், பிடித்த ஆண் ஸ்மால்மவுத்களில் பெரும்பாலானவை அப்படி. மீன் சாவுக்குக் காரணம் தேடப் போய்த் தட்டுப்பட்டது இது.

இப்படி ஒரு மீன் முன்பே இன்னொரு நாட்டில் அகப்பட்டிருந்தது. 1970களின் கடைசியில், லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றை ஒட்டிய கழிவுநீர்க் குட்டைகளில் பிடித்த ரோச் மீன்களில் ஆணும் பெண்ணும் கலந்த உறுப்புகள் தென்பட்டன. 1980களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வானவில் டிரௌட் மீன்களைக் கூண்டில் அடைத்துக் கழிவுநீர் வெளியேறும் இடங்களில் இறக்கினார்கள். பெண் மீன் முட்டைக்கு மஞ்சள்கரு சேர்க்கக் கல்லீரலில் செய்யும் புரதம் வைட்டெலோஜெனின். அது சில வாரங்களில் ஆண் மீன்களின் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பிரூனல் பல்கலைக்கழகத்தின் ஜான் சம்ப்டர் உள்ளிட்ட அந்தக் குழுவின் கட்டுரை 1994இல்தான் அச்சேறியது. 1998இல் சூசன் ஜாப்லிங் முதலானோர் பிரிட்டிஷ் ஆறுகளில் ரோச் மீன்களைச் சோதித்தபோது, சில இடங்களில் பிடித்த ஆண் மீன்கள் அத்தனையிலும் இந்தக் கோளாறு இருந்தது. காரணமாக அடையாளம் கண்டவை, மனித உடல் இயல்பாகக் கழிக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால், கம்பளி ஆலைச் சோப்புகளிலிருந்து வரும் நோனைல்ஃபீனால்.

எவ்வளவு குறைந்த அளவு போதும் என்பதைக் காட்டியது கனடா. ஒண்டாரியோவின் ஆய்வு ஏரிகளில் 260 என்ற எண்ணுடைய ஏரி ஒன்று. 2001 முதல் 2003 வரை, கோடைதோறும், கேரன் கிட் தலைமையிலான குழு அதில் மாத்திரையின் அந்த ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தது. ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். ஏரியிலிருந்த ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் கூட்டம் ஏறக்குறைய அற்றுப்போனது. கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் கழித்து மீண்டது.

இதெல்லாம் இனப்பெருக்கத்தின் கதை. பொட்டோமாக்கில் மீன்கள் குஞ்சு பொரிக்காமல் அற்றுப்போகவில்லை, புண் வந்து செத்தன. இரண்டுக்கும் என்ன தொடர்பு?

மீனின் வெள்ளணுக்கள் பெரும்பாலும் உருவாவது சிறுநீரகத்தின் முன்பகுதியில். அந்த அணுக்களின் மீதும் உள்ளும் ஈஸ்ட்ரோஜனை அடையாளம் காணும் ஏற்பிகள் இருக்கின்றன. இயற்கை இதை வீணுக்கு வைக்கவில்லை. சினைப் பருவத்தில் உடம்பின் வேலைப் பங்கீட்டை மாற்ற வேண்டும் என்ற செய்தி எதிர்ப்புப் படைக்கும் போய்ச் சேர வேண்டும் அல்லவா? கல்லீரலுக்கும் இரட்டை வேலை: மஞ்சள்கருப் புரதம் செய்வதும் அதுதான், கிருமியைத் தாக்கும் பல புரதங்களைச் செய்வதும் அதுதான். ஒரே சம்பளத்தில் கல்யாணச் செலவையும் வைத்தியச் செலவையும் சமாளிக்கும் குடும்பத்தின் நிலைமை. சினைக்காலத்துப் பெண் மீனுக்கு இந்த நெருக்கடி ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும். ஆற்றிலேயே ஈஸ்ட்ரோஜன் கலந்திருந்தால், முட்டையே இடாத ஆணும் அந்தச் செலவைச் செய்துகொண்டிருக்கும்.

லீடவுனில் லாரா ராபர்ட்சன் குழு இதை மரபணு அளவில் சோதித்து 2009இல் வெளியிட்டது. ஸ்மால்மவுத்தின் நெருங்கிய உறவான லார்ஜ்மவுத் பாஸ் மீனில், கிருமியைத் தாக்கும் ஹெப்சிடின் என்ற சிறு புரதம் இரண்டு வகை. ஒன்று கல்லீரலில் எப்போதும் சுரந்துகொண்டிருப்பது. மற்றது பாக்டீரியா நுழைந்தால் மட்டும் கிளம்புவது. மீனுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் முதலாவது குறைந்தது. இரண்டாவது, கிருமி வந்தபோதும் வழக்கம்போல் கிளம்பவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹெல்முட் செக்னர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் கொடுத்து வளர்த்த டிரௌட் மீன்களுக்குள் பாக்டீரியாவைச் செலுத்தியபோது, கொடுக்காதவற்றைவிட அவை அதிகமாகச் செத்தன.

இன்னும் சங்கடமான கண்டுபிடிப்பு பிரிட்டனிலிருந்து 2006இல் வந்தது. ரோச் மீன்களைச் சுத்திகரித்த கழிவுநீரின் வெவ்வேறு அடர்த்திகளில் மாதக்கணக்கில் வளர்த்துப் பார்த்தார்கள். பாலுறுப்புக் கோளாறு தெரியத் தேவைப்பட்ட அடர்த்தியைவிடக் குறைவான அடர்த்தியிலேயே எதிர்ப்புச் செல்களிலும் சிறுநீரகத்திலும் மாற்றங்கள் வந்துவிட்டன. அதாவது, விந்துப்பையில் சினை தெரியும்வரை காத்திருந்தால் அது தாமதமான எச்சரிக்கை.

இந்த ஆய்வுகளுக்குப் பிறகு பொட்டோமாக்கைத் திரும்பிப் பார்த்தால் பல விஷயங்கள் பொருந்துகின்றன. குளிர்காலம் முடிந்து மெலிந்த உடம்பு. கூடு கட்டிக் காவல் காக்கும் பருவம். நீர் சூடேறி பாக்டீரியா பெருகும் நேரம். வயல்களில் எருவும் களைக்கொல்லியும் போட்டவுடன் வரும் வசந்த மழை. எல்லாம் ஒரே இரண்டு மாதத்தில். எதிர்ப்புச் சக்தி தளர்ந்த மீனை எந்தக் கிருமி முதலில் சந்திக்கிறதோ அது கொல்கிறது. அதனால்தான் ஆற்றுக்கு ஆறு கிருமி மாறியது.

செய்தி வெளியானதும் பத்திரிகைகளுக்குப் பிடித்த குற்றவாளி கருத்தடை மாத்திரை. வாஷிங்டன் மக்கள் குடிப்பதே பொட்டோமாக் தண்ணீர் என்பதால் பரபரப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த விளக்கம் கால்வாசி கூடத் தேறாது. லீடவுன் குழு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மேலேயும் கீழேயும் மீன் பிடித்து ஒப்பிட்டது; ஸ்மால்மவுத்தில் பெரிய வேறுபாடு இல்லை, நிலையத்துக்கு மேலே இருந்தவற்றுக்கும் அதே கோளாறு. முதலில் அது தென்பட்ட தென்கிளைக் கரையில் பெரிய நகரமே கிடையாது.

அங்கே இருப்பவை கோழிப் பண்ணைகள். தென்கிளைக் கரையின் மூர்ஃபீல்டும் ஷெனண்டோவா பள்ளத்தாக்கின் ராக்கிங்ஹாம் மாவட்டமும் பிராய்லருக்கும் வான்கோழிக்கும் பேர்போனவை. கொட்டகைத் தரையில் பரப்பிய மரச்சீவலோடு எச்சம் கலந்து வரும் எருவை அள்ளிச் சோள வயலிலும் புல்வெளியிலும் போடுகிறார்கள். அதில் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் இருக்கின்றன. உடனே ஹார்மோன் ஊசி என்று நம் வாசகர்கள் நினைக்கக்கூடும். அமெரிக்காவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்க 1950களின் கடைசியிலிருந்தே அனுமதி இல்லை. பறவை தன் உடம்பில் இயல்பாகச் சுரந்து கழிப்பதுதான் இது. ஒரு பள்ளத்தாக்கில் அடைத்து வளர்க்கும் பறவைகளின் தொகைதான் பிரச்சினை. அதோடு சோளத்துக்கு அடிக்கும் அட்ரசின் போன்ற களைக்கொல்லிகள், ஊர்களின் கழிவுநீர், வண்டலில் படிந்த பழைய பி.சி.பி. எல்லாம் சேர்கின்றன. பிளேசர் குழு 2012இல் படுகை முழுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கோளாறின் தீவிரம் மக்கள்தொகை நெருக்கத்தோடும் விவசாய நிலத்தின் பங்கோடும் கூடவே ஏறியது.

நோய் பொட்டோமாக்கோடு நிற்கவுமில்லை. அமெரிக்காவின் 9 பெரும் ஆற்றுப் படுகைகளில் 1995 முதல் 2004 வரை பிடித்த மீன்களை வைத்து 2009இல் வந்த கணக்கில், ஆண் ஸ்மால்மவுத்களில் மூன்றில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு. வடகிழக்கு மாநிலங்களின் 19 தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் நடந்த ஆய்வில் அது 85 சதவீதம். புகலிடம் என்று பெயர் வைத்த இடங்களிலேயே இந்த நிலை. பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றில் 2005 முதல் பாஸ் குஞ்சுகள் புண்ணோடு சாகத் தொடங்க, மாநில அரசு பல வகைச் சான்றுகளையும் ஒன்றாகக் கொட்டி அலசி 2015 கடைசியில் முடிவு சொன்னது. மிக அதிக வாய்ப்புள்ள காரணங்கள் இரண்டு: ஹார்மோனைக் குலைக்கும் பொருள்களும் களைக்கொல்லிகளும் ஒன்று, கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் இன்னொன்று.

'மிக அதிக வாய்ப்புள்ள' என்ற எச்சரிக்கை நியாயமானதே. ஆய்வுக்கூடத் தொட்டியில் ஒரு பொருளைக் கொடுத்து ஒரு விளைவைக் காட்டலாம். ஆற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்து ஓடுகின்றன. மீன் சாகாத ஆறுகளிலும் ஆண் மீனில் சினை இருக்கிறது. இன்ன பொருள்தான் 2005இல் ஷெனண்டோவா மீன்களைக் கொன்றது என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது. நிறுவ முடியாததைக் காட்டி ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் சாமர்த்தியம் என்று நினைப்பவர்களோடு மட்டும் உடன்பட முடியவில்லை.

சில நாடுகள் அந்த நிரூபணத்துக்குக் காத்திருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினுக்கு 2000களின் தொடக்கத்திலேயே விடைகொடுத்தது. 2015இல் மூன்று ஈஸ்ட்ரோஜன்களை நீர்க் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. ஸ்விஸ் அரசு 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, முக்கியமான சுமார் நூறு சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனோ கரித்தூளோ கொண்டு இத்தகைய நுண்பொருள்களை நீக்கும் கட்டத்தைச் சேர்த்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதே வழியில் சட்டம் கொண்டுவந்து, செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்களின் தலையில் வைத்தது. வயலில் கொட்டும் எருவை இந்தச் சட்டங்கள் எதுவும் தொடுவதில்லை.

பொட்டோமாக் படுகையில், செசபீக் விரிகுடாவுக்காக 2010இல் வகுத்த திட்டப்படி, ஒவ்வொரு மாநிலமும் ஆற்றில் சேரும் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் வண்டலுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். ஹார்மோனுக்குக் கணக்குக் கேட்கும் வரி அந்தத் திட்டத்தில் இல்லை.